திருத்திக்கொள்ளும் சுற்று, காட்டிக்கொடுக்கும் சுற்று

ஈ.சி.ஜி. தாளில் இதயத்தின் அலைகள் தொடங்கும் முன் சதுரமாக ஒரு மேடு எழும்பி இறங்கும். நோயாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கருவி தனக்குத்தானே 1 மில்லிவோல்ட் கொடுத்து, கோடு 10 மில்லிமீட்டர் உயர்கிறதா என்று பார்த்துக்கொண்டதன் தடயம் அது. மேடு 8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், பின்னால் வரும் அலைகளெல்லாம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து விழுந்திருக்கின்றன என்று மருத்துவர் கண்டுகொள்வார். தன் அளவைத் தானே சரிபார்ப்பது ஒரு வேலை. சரியில்லாவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியும்படி விட்டுவைப்பது இன்னொரு வேலை. அந்தச் சின்ன மேடு இரண்டையும் செய்கிறது.

மின்னணுச் சுற்றுகளின் வரலாற்றில் இவ்விரண்டு வேலைகளும் பெரும்பாலும் தனித்தனியாகவே வளர்ந்தன. தானியங்கி அளவுத்திருத்தம் சில்லு வடிவமைப்பாளர்களின் கைக்குப் போயிற்று. பிழை கண்டறிதல் ஆலைப் பாதுகாப்பு, விமானவியல் ஆட்களிடம் சேர்ந்தது. முதல் தரப்பு அடைந்த வெற்றி இரண்டாம் தரப்பின் வேலையைக் கடினமாக்கியிருக்கிறது என்பது என் மதிப்பீடு. பிழையை நன்றாக மறைக்கத் தெரிந்த சுற்று, பழுதையும் சேர்த்து மறைத்துவிடக்கூடும்.

சமிக்ஞைச் சுற்றின் பிழைகளில் எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ஆஃப்செட். உள்ளீடு சுழியாக இருக்கும்போதும் வெளியீட்டில் ஏதோ ஒரு மின்னழுத்தம் நிற்கும். அடுத்தது கெயின் பிழை: ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டியது 990 மடங்கு பெருக்கும். மூன்றாவது நேர்கோட்டுத்தன்மை குலைவது. இவை மூன்றும் வெப்பத்தாலும் வயதாலும் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் சங்கடம். நகராத பிழை என்றால் தொழிற்சாலையிலேயே ஒருமுறை திருகிச் சரிசெய்து அனுப்பிவிடலாம். பழைய 741 ரகப் பெருக்கிச் சில்லில் சில மில்லிவோல்ட் ஆஃப்செட் சாதாரணம். உலைகளில் வைக்கும் கே வகை வெப்ப இரட்டையோ ஒரு டிகிரிக்கு 41 மைக்ரோவோல்ட் அளவில்தான் தருகிறது. அந்தப் பெருக்கியின் 1 மில்லிவோல்ட் ஆஃப்செட், வாசிப்பில் 24 டிகிரி பொய்யாகிவிடும்.

கெயின் பிழைக்கு மருந்து முதலில் கிடைத்தது. பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக் 1927-இல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்திலேயே எதிர்ப் பின்னூட்டத்தைக் குறித்துவைத்தார். தேவைக்கு மேல் பல மடங்கு பெருக்கும் திறனை வைத்துக்கொண்டு, வெளியீட்டின் ஒரு பகுதியை எதிர்மாறாக உள்ளே திருப்பிவிட்டால், உபரிப் பெருக்கம் போய்த் துல்லியம் வரும். ஆனால் உள்வாசலிலேயே நிற்கும் ஆஃப்செட்டைப் பின்னூட்டம் தொடாது. அதையும் சமிக்ஞை என்று எண்ணி விசுவாசமாகப் பெருக்கிக் கொடுத்துவிடும்.

வெற்றிடக் குழல் காலத்து அனலாக் கணினிகளில் இது பெரிய தலைவலி. தொகையிடும் சுற்று, சின்ன ஆஃப்செட்டையும் விநாடி விநாடியாகக் கூட்டி மலையாக்கிவிடும். ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எட்வின் கோல்ட்பெர்க் 1949-இல் சாப்பர் முறையால் இதற்கு வழி கண்டார். மெதுவாக நகரும் சமிக்ஞையை அதிரும் தொடுமுனையால் வெட்டி மாறுமின்னோட்டமாக்கி, அப்படியே பெருக்கி, பிறகு அதே தாளத்தில் மறுபடி நேராக்குவது. பெருக்கியின் சொந்த ஆஃப்செட் இந்தத் தாளத்தில் சேராததால் தனியாகப் பிரிந்துவிடும்; வடிகட்டி எடுத்துவிடலாம். இன்று தொடுமுனையின் இடத்தில் டிரான்சிஸ்டர் சாவிகள் வந்துவிட்டன. இன்னொரு வழி ஆட்டோ-ஸீரோ: உள்ளீட்டைச் சிறிது நேரம் குறுக்கிணைத்து, வெளியே வருவது முழுக்கப் பிழைதான் என்று ஒரு மின்தேக்கியில் பிடித்துவைத்து, அடுத்த கணத்தில் கழிப்பது. கிறிஸ்டியன் என்ஸ், காபோர் டெமெஷ் இருவரும் 1996-இல் எழுதிய மதிப்பாய்வு இந்தக் குடும்பம் முழுவதையும் ஒரே சட்டகத்தில் வைத்தது. இத்துறையில் நுழைபவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மல்டிமீட்டருக்குள் இந்தச் சிந்தனையின் அழகான வடிவம் ஒன்று இருக்கிறது. 7106 வகைச் சில்லு ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பு ஆட்டோ-ஸீரோ கட்டம் ஒன்றைக் கடக்கும். பிறகு, தெரியாத மின்னழுத்தத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மின்தேக்கியில் ஏற்றி, தெரிந்த மின்னழுத்தத்தால் சுழி வரை இறக்கும். ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் வகுத்தால் விடை. ஏற்றியதும் இறக்கியதும் அதே மின்தடை, அதே மின்தேக்கி, அதே கடிகாரம் என்பதால் அவற்றின் பிழைகள் வகுத்தலில் அடிபட்டுப் போகின்றன. மலிவான உதிரிகளை வைத்து நல்ல அளவீடு கிடைப்பதன் சூட்சுமம் இதுதான். ஏற்றும் நேரத்தை 100 மில்லிவிநாடி என்று வைத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஐந்து சுற்றும் 60 ஹெர்ட்ஸின் ஆறு சுற்றும் முழுதாக அடங்கி, இரு நாட்டு இரைச்சலும் சுழியாகும். மிஞ்சுவது ஒப்புநிலை மின்னழுத்தம் ஒன்றே. அது பிசகினால் மீட்டரும் பிசகும். மீட்டருக்கு அது தெரியாது.

ஒப்புநிலையே தேவைப்படாத அளவுத்திருத்தமும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹே-சியுங் லீ, டேவிட் ஹாட்ஜஸ், பால் கிரே மூவரும் 1984-இல் வெளியிட்ட 15 பிட் அனலாக்-டிஜிட்டல் மாற்றி அந்த வகை. இவ்வகை மாற்றிகளில் வரிசையாக மின்தேக்கிகள் இருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. ஆகவே எந்த மின்தேக்கியும் தனக்குக் கீழுள்ளவை அனைத்தின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும், கடைசியில் துணைக்கு வைக்கும் ஒரு சிறு மின்தேக்கியையும் சேர்த்து. சில்லில் அச்சடிக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு பொருத்தம் கிடைத்தாலே பெரிது. 15 பிட்டுக்கு முப்பதாயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். மூவரும் செய்தது இது: பெரிய மின்தேக்கியில் மின்னூட்டம் ஏற்றி, சிறியவற்றைத் தரையில் வைத்துவிட்டு, பிறகு இரு தரப்பின் இணைப்பையும் மாற்றிப்போட்டார்கள். இருபுறமும் சமம் என்றால் நடுக்கம்பியில் எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் அது பொருத்தமின்மையின் நேரடி அளவு. அதை எண்ணாக்கி நினைவகத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கழித்தால் போதும். வெளியிலிருந்து எந்தத் தரக்கருவியும் வேண்டியதில்லை, ஏனென்றால் தேவைப்படுவது விகிதம். விகிதத்தைச் சுற்று தன்னைத் தன்னோடு ஒப்பிட்டே அறிந்துகொள்ளலாம். எவ்வளவு வோல்ட் என்று கேட்டால்தான் வெளியே போயாக வேண்டும். இத்துறையில் இவ்வளவு சிக்கனமான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஈ.சி.ஜி. கருவி அலைகள் தொடங்கும் முன் நிதானமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டிருக்கும் கைபேசியால் அதற்காக நிற்க முடியாது. அதனால் பின்னணி அளவுத்திருத்தம் பிறந்தது: சமிக்ஞையோடு ஒட்டுறவில்லாத சிறிய தற்போக்குத் தொடர் ஒன்றைச் சுற்றுக்குள் கலந்துவிட்டு, வெளியீட்டில் அது எந்த அளவில் வந்து சேர்கிறது என்று கணித்துக் கெயினைத் திருத்திக்கொண்டே இருப்பது. போரிஸ் மூர்மன், பெர்ன்ஹார்ட் போசர் இருவரும் 2003-இல் இன்னும் துணிந்தார்கள். துல்லியமான பெருக்கியை எடுத்துவிட்டு, பின்னூட்டமே இல்லாத வளைந்த குணமுள்ள எளிய பெருக்கியை வைத்து, வளைவை டிஜிட்டல் கணக்கால் நிமிர்த்தினார்கள். பிளாக் 1927-இல் போட்ட ஒப்பந்தத்தை இவர்கள் கிழித்துப் போட்டதாகவே சொல்லலாம். காரணம் பொருளாதாரம்: தலைமுறைக்குத் தலைமுறை டிஜிட்டல் கதவுகள் மலிவாகின, நல்ல அனலாக் பெருக்கி மலிவாகவில்லை. அதிவேக ஆசிலோஸ்கோப்புகளில் பல மாற்றிகள் முறைவைத்து வேலை செய்கின்றன. அவற்றுக்கிடையே நேரம், கெயின், ஆஃப்செட் மூன்றையும் பொருத்துவதும் இதே மரபில் வருவது.

திருத்தாமலே தப்பிக்கும் மூன்றாவது வழியையும் குறிப்பிட வேண்டும். டெல்டா-சிக்மா மாற்றிகளில் பொருந்தாத உறுப்புகளைச் சரிசெய்வதற்குப் பதில் சுழற்சி முறையில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். பிழை அழியாது, நமக்குத் தேவையில்லாத உயர் அதிர்வெண்களுக்குத் துரத்தப்படும். சென்னை ஐ.ஐ.டி.யின் சாந்தி பவன், ரிச்சர்ட் ஷ்ரையர், மேலே சொன்ன டெமெஷ் ஆகியோர் பெயரில் 2017-இல் வந்த டெல்டா-சிக்மா பாடநூலின் இரண்டாம் பதிப்பு இதைப் பாடமாகவே நடத்துகிறது.

இதுவரை சொன்னவை வெற்றிகள். அவை எங்கே இடறும் என்பதற்கு மளிகைக் கடையின் எலக்ட்ரானிக் தராசே போதும். வெப்பத்தாலும் தட்டில் ஒட்டும் தூசியாலும் அதன் சுழி மெல்ல நகரும். தராசு அதைத் தானாகவே சுழிக்கு இழுத்துக்கொள்ளும். இப்போது காலித் தட்டில் எண்ணெய் விநாடிக்கு 1 கிராம் வீதம் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூசியும் மெல்லச் சேர்கிறது, எண்ணெயும் மெல்லச் சேர்கிறது. எது பிழை, எது சரக்கு என்று சுற்றுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மெதுவாக வருவதெல்லாம் பிழை என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. பன்னாட்டுச் சட்ட அளவியல் அமைப்பின் ஆர் 76 பரிந்துரை இதனால்தான் வேலி போடுகிறது: காட்டி சுழியிலும் நிலையாகவும் இருக்கும்போதுதான் தானாகச் சுழியைத் துரத்தலாம், ஒரு விநாடிக்கு அரைப் பிரிவுக்கு மேல் திருத்தக்கூடாது, மொத்தத் திருத்தம் தராசின் உச்ச எடையில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 5 கிராம் பிரிவுள்ள 30 கிலோ தராசில் இது விநாடிக்கு 2.5 கிராம், மொத்தம் 1.2 கிலோ. நம் எண்ணெய் அதற்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். வேலி ஆபத்தை ஒழிக்கவில்லை, எல்லை கட்டுகிறது.

தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் தராசுக்கு முத்திரை வைப்பதன் நோக்கங்களில் ஒன்று, உள்ளிருக்கும் கெயினை யாரும் திருத்தக்கூடாது என்பது. சுழியைச் சுற்றே திருத்திக்கொள்ளலாம், கெயினைத் தொடக்கூடாது என்ற இந்தப் பாகுபாடு யோசித்துச் செய்யப்பட்டது. கெயினுக்கு உண்மையான எடைக்கல் வேண்டும். டெல்லியில் சரிசெய்த தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் ஈர்ப்பு குறைவால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 1 கிராம் குறைத்துக் காட்டும். எந்த மின்னணுத் தந்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. ஆய்வகத் தராசுகள் வயிற்றுக்குள்ளேயே ஒரு எடைக்கல்லை வைத்துக்கொண்டு, வெப்பம் மாறும்போதெல்லாம் மோட்டாரால் அதைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான்.

பிழை கண்டறிதலில் டிஜிட்டல் உலகத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் காட்டியபடி, 4 பிட் தகவலோடு 3 பிட் சரிபார்ப்பைச் சேர்த்தால் 128 சொற்களில் 16 மட்டுமே செல்லுபடியாகும். மற்றவற்றில் எது வந்தாலும் வழியில் ஏதோ கெட்டது என்று பொருள். அனலாக் கம்பியில் அப்படிச் செல்லாத மதிப்பு ஏதும் கிடையாது. 2.37 வோல்ட் உண்மையாகவும் இருக்கலாம், பழுதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே முகத்தோடு வரும்.

ஆலைக்காரர்கள் இதற்குக் கண்ட விடை, செல்லாத பகுதிகளை வேண்டுமென்றே உண்டாக்குவது. 4-20 மில்லிஆம்ப் லூப்பில் சுழி அளவுக்கே 4 மில்லிஆம்ப் ஓடும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியாகும். தொட்டியில் நீர் இல்லை என்பதையும் கம்பி இல்லை என்பதையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. நாமூர் என்னும் ஐரோப்பியத் தொழில்துறை அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரைப்படி 3.6 மில்லிஆம்புக்குக் கீழும் 21-க்கு மேலும் வந்தால் அது பழுதின் அறிவிப்பு. கருவி தனக்குள் கோளாறு கண்டால் வேண்டுமென்றே மின்னோட்டத்தை அந்தப் பகுதிக்குத் தள்ளும். வெப்ப இரட்டையிலும் இப்படியே: நுண்ணிய மின்னோட்டம் ஒன்றை எப்போதும் கசியவிட்டால், இரட்டை அறுந்ததும் வாசிப்பு உச்சத்துக்கு ஓடும், உலை அணையும். அதையே கீழ்ப்பக்கம் ஓடும்படி அமைத்தால், உலை இன்னும் சூடு வேண்டும் என்று எண்ணி எரித்துக்கொண்டே இருக்கும். எந்தப் பக்கம் பொய் சொன்னால் ஆபத்தில்லை என்று முன்பே தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை.

வரம்புக்குள்ளேயே பொய் சொல்லும் உணரியை இந்த வழியில் பிடிக்க முடியாது. அதற்கு இன்னொரு உணரி வேண்டும். 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் 610 விமானத்தின் இடப்பக்கத் தாக்குகோண உணரி (காற்றை விமானம் சந்திக்கும் கோணத்தை அளப்பது) 21 டிகிரி தவறாக வாசித்தது. அது பழுதுபார்க்கப்பட்டு, முந்தைய நாள்தான் பொருத்தப்பட்டது. பழுதுபார்த்த இடத்தில் அளவுத்திருத்தமே பிசகியிருந்தது என்று இந்தோனேசிய விசாரணை முடிவு செய்தது. 737 மேக்ஸில் அத்தகைய உணரிகள் இரண்டு இருந்தன. மூக்கைக் கீழே தள்ளும் எம்காஸ் நிரலோ ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. இரண்டும் முரண்படுவதாகச் சொல்லும் எச்சரிக்கையும் அந்த விமானத்தில் இயங்கவில்லை. 189 பேர் இறந்தனர். பிறகு வந்த திருத்தத்தில் இரண்டும் 5.5 டிகிரிக்கு மேல் முரண்பட்டால் எம்காஸ் ஒதுங்கிக்கொள்ளும். இவ்வளவு எளிய ஒப்பீட்டை முதலிலேயே விட்டது பொறியியலில் மன்னிக்கக் கடினமான விடுபடல்.

இரண்டு இருந்தால் முரண்பாடு தெரியும், யார் பொய்யர் என்று தெரியாது. மூன்று இருந்தால் வாக்கெடுப்பு நடத்தலாம். அங்கும் வாக்குகளை எண்ணும் விதியில் ஓட்டை இருக்கலாம். 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த் சென்ற குவாண்டாஸ் 72-இல் ஒரு காற்றுத் தகவல் அலகு அவ்வப்போது முள்போலக் குத்தும் தவறான கோணங்களை அனுப்பியது. ஏர்பஸ் ஏ330-இன் கணினி அத்தகைய முள்ளைக் கண்டால் 1.2 விநாடிக்குப் பழைய நல்ல மதிப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்த 1.2 விநாடி முடியும் தருணத்தில் சரியாக இரண்டாவது முள் வந்தால்? அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. விமானம் சடாரென்று மூக்கைக் கவிழ்த்தது. பயணிகளில் குறைந்தது 110 பேர் காயமடைந்தனர். மற்ற இரண்டு உணரிகளும் முழு நேரமும் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தன.

2014 நவம்பர் 5 அன்று பில்பாவிலிருந்து மியூனிக் சென்ற லுஃப்தான்சா 1829-இல் கதை தலைகீழ். மூன்றில் இரண்டு தாக்குகோண உணரிகள் மேலேறும்போது கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் உறைந்தன. பெரும்பான்மை அவற்றின் பக்கம் போனது, உயிரோடிருந்த மூன்றாவதன் குரல் எடுபடவில்லை. விமானம் சுமார் 4,000 அடி இறங்கிய பிறகே விமானிகள் மீட்டனர். ஒரே மாதிரியான உணரிகள் ஒரே காரணத்தால் ஒன்றாகக் கெட்டால் வாக்கெடுப்புக்கு மதிப்பில்லை. உறைந்த உணரியை ஒன்று காட்டிக்கொடுத்திருக்கும்: விமானம் அசையும்போதும் அது அசையவே இல்லை. சற்றும் இரைச்சல் இல்லாத சமிக்ஞையைச் சந்தேகிக்க வேண்டும் என்பது களத்தில் வேலை செய்யும் கருவியியல் ஆட்களுக்குத் தெரிந்ததுதான். நிரல்களில் அது அரிதாகவே எழுதப்படுகிறது.

திருத்தமும் கண்டறிதலும் சந்திக்க வேண்டிய இடம் இங்கே தெரிகிறது. தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒவ்வொரு சுற்றும், எவ்வளவு திருத்தினோம் என்ற எண்ணை எங்கோ வைத்திருக்கிறது. ஆட்டோ-ஸீரோ மின்தேக்கியில் அது மின்னழுத்தம். லீயின் மாற்றியில் நினைவகத்தில் உள்ள எண். அந்த எண் மாதாமாதம் ஒரே பக்கம் வளர்ந்தால் உள்ளே ஏதோ சிதைகிறது. திடீரென்று தாவினால் ஏதோ உடைந்துவிட்டது. வெளியீடு இரண்டு நிலையிலும் சரியாகவே இருக்கும், திருத்தத்தின் எல்லை தீரும் வரை. ஹியூலெட் பேக்கர்ட் 1989-இல் கொண்டுவந்த 3458ஏ மல்டிமீட்டர் வெளியிலிருந்து 10 வோல்ட்டையும் 10 கிலோ ஓமையும் மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற எல்லா வரம்புகளையும் உள்ளுக்குள்ளேயே சரிசெய்யும். அதன் திருத்த மாறிலிகளை வெளியே படித்தெடுக்கலாம். ஆய்வகங்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் பதிந்து, மாற்றி பழுதாவதை முன்கூட்டியே பிடிக்கின்றன. சாதாரண உணரிகளில் இந்த எண் பயனருக்குக் காட்டப்படுவதில்லை. காட்டினால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்று தயாரிப்பாளர்கள் நினைக்கிறார்கள் போலும்.

எவ்வளவு திறமையாகத் திருத்தினாலும் சங்கிலி எங்காவது ஒரு நம்பிக்கையில் போய் முடிய வேண்டும். வோல்ட்டுக்கு அது ஜோசப்சன் சந்தி என்னும் குவாண்டம் தரம். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பதும் அதுதான். 2019 மே 20 அன்று எஸ்.ஐ. அலகுகள் மறுவரையறை செய்யப்பட்டபோது நடைமுறை வோல்ட் மில்லியனில் சுமார் 0.1 பங்கு நகர்ந்தது. உலகில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் எந்தச் சுற்றும் அதை உணர்ந்திருக்க முடியாது. ஆய்வகங்கள் எண்ணைக் கையால் மாற்றின.

எல்லா அளவுகளுக்கும் ஜோசப்சன் சந்தி கிடைப்பதில்லை. கோவிட் காலத்தில் வீடுதோறும் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர், சுற்று என்ற அளவில் மிக ஒழுக்கமான கருவி. சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகள் இரண்டும் அணைந்திருக்கும் இடைவெளியில் அறை வெளிச்சத்தை அளந்து கழிக்கும். விரலுக்கேற்ப விளக்கின் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். விரல் இல்லாவிட்டால் சொல்லிவிடும். இரண்டு ஒளிகளின் விகிதம் வரை எல்லாம் தானாகத் திருத்தப்பட்டது. அந்த விகிதத்தை ஆக்சிஜன் சதவீதமாக மாற்றும் வளைகோட்டை மட்டும் எந்தச் சுற்றும் திருத்துவதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் மூச்சுவிட வைத்து, தமனி ரத்தத்தோடு ஒப்பிட்டு வரைந்த கோடு அது. அமெரிக்க எஃப்.டி.ஏ.வின் 2013 வழிகாட்டுதல் குறைந்தது 10 பேரைக் கேட்டது. அவர்களில் இருவராவது கருமையான தோலுடையவராக இருந்தால் போதும்.

2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் மிச்சிகன் ஆய்வாளர்கள் கணக்கைக் காட்டினர். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 சதவீதம். எந்தச் சுற்றும் பழுதாகவில்லை, எந்த எச்சரிக்கையும் ஒலிக்கவில்லை. விரல் இல்லாததைக் கண்டு சொல்லத் தெரிந்த கருவிக்கு இதைக் காண வழியே வைக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வரைவு, இன்னும் அதிகம் பேரை, தோல் நிறத்தை அளந்து பதிவுசெய்து, சோதிக்கச் சொல்கிறது. அது புதிதாக வரும் கருவிகளுக்கு. நம் வீட்டு மேசை இழுப்பறைகளில் கிடப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது பழைய வளைகோடுதான்.